மதுரை விடுதி வைஃபை: வேகம் உண்டு, வாசலில்தான் தகராறு

அலுவலக வேலையாக மதுரையில் மூன்று இரவுகள் தங்கிய விடுதியின் அறை சுத்தமாக இருந்தது. காலைச் சிற்றுண்டியிலும் குறையில்லை. நான் எழுத வந்தது அதன் வைஃபை பற்றி.

இணைந்தவுடன் கைப்பேசியில் உள்நுழைவுப் பக்கம் தானாகவே வந்தது. எண்ணைக் கொடுத்து ஓடிபி வாங்கிக்கொள்ள வேண்டும். அறைக்குள் சிக்னல் இல்லாததால் ஓடிபிக்காக வராந்தாவில் நிற்க நேர்ந்தது என்பதையும், எண் கேட்கும் அந்தப் பக்கமே 'பாதுகாப்பற்றது' என்ற குறிப்புடன் திறந்தது என்பதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையான தொல்லை மடிக்கணினியில்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இணைப்பு முடிந்துவிடுகிறது. முடிந்ததை யாரும் சொல்வதில்லை. மின்னஞ்சலைத் திறந்தால், தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழில் பிழை, வங்கித் தளத்தைத் திறந்தாலும் அதே எச்சரிக்கை. நாம் கேட்ட பக்கத்தை வழிமறித்து, அதற்குப் பதிலாகத் தன் பக்கத்தைக் காட்டுவதுதான் இத்தகைய உள்நுழைவு முறை. தளங்கள் குறியாக்கமில்லாத, அதாவது இடையில் இருப்பவர் படிக்கவும் மாற்றவும் முடிகிற எச்டிடிபியில் இயங்கிய காலத்தில் அது எளிதாக நடந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கமுள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டதால், இடையில் புகுந்து வேறொரு சான்றிதழை நீட்டும் கருவியை உலாவி திருடனாகவே கருதுகிறது. அப்படிக் கருதுவதுதான் அதன் வேலை.

வரவேற்பு மேசையில் கேட்டபோது, "சார், 'அட்வான்ஸ்டு'னு வரும், அதை அழுத்தி உள்ளே போயிடுங்க" என்றார் அங்கிருந்த இளைஞர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் வங்கித் தளத்தில் எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்வது, பூட்டு திறக்காவிட்டால் கதவை உடையுங்கள் என்பதற்குச் சமம். 'என்னைக் குறியாக்கத்துடன் மட்டுமே திற' என்று உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் என்ற கட்டளையைப் பிறப்பித்திருக்கும் தளங்களில், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் வழியையே உலாவி தராது என்பது ஓர் ஆறுதல்.

நான் கண்ட வழி எளியது: குறியாக்கமே இல்லாமல் இதற்கென்றே நடத்தப்படும் நெவர்எஸ்எஸ்எல்.காம் தளத்தைத் திறந்தேன், உள்நுழைவுப் பக்கம் உடனே வந்து நின்றது. கைப்பேசியில் முதல் நாளே சிக்கல் எழாததற்கும் இதே காரணந்தான். இணைந்தவுடன் ஆண்ட்ராய்டும் ஐபோனும் குறியாக்கமற்ற ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்து, எதிர்பார்த்த பதில் வராவிட்டால் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டிவிடுகின்றன.

விடுதி நிர்வாகம் இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். வழிமறிக்காமலே உள்நுழைவுப் பக்கத்தின் இருப்பிடத்தைக் கருவிக்குச் சொல்லிவிடும் ஆர்எஃப்சி 8910 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை) நெறிமுறையும், மீதமுள்ள நேரத்தைக்கூடத் தெரிவிக்கும் ஆர்எஃப்சி 8908 நெறிமுறையும் 2020இலேயே வெளிவந்துவிட்டன. எல்லா மடிக்கணினிகளும் இவற்றைப் புரிந்துகொள்வதில்லை என்பதால், நான்கு மணி நேரக் கெடுவைத் தங்கும் காலம் முழுவதற்குமாக நீட்டினாலே பாதித் தொல்லை தீரும்.

உள்ளே நுழைந்தபின் காணொளிக் கூட்டம் ஒருமுறைகூடத் தடைபடவில்லை. அறைக்கு நான்கு நட்சத்திரம், வைஃபைக்கு இரண்டு. அந்த இரண்டும் வேகத்துக்காக மட்டுமே.