அம்மாவின் வீல்சேருக்கு வாங்கிய ஜெல் சார்ஜர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு சின்ன பேட்டரி கடையில், அம்மாவின் ஜெல் பேட்டரி வீல்சேருக்காக 24 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர் வாங்கினோம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுசாக ஓடிவிட்டன. எந்தத் தொந்தரவும் இல்லை. நல்ல பொருள் என்று தைரியமாகச் சொல்வேன். ஏன் நல்லது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வீட்டில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

வண்டியோடு வந்த பழைய சார்ஜர் போனதும், வேறொரு கடையில் “எல்லா பேட்டரிக்கும் ஓடும்” என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அம்மா தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் வண்டி இழுக்க ஆரம்பித்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு பேட்டரியில் ஒன்று பக்கவாட்டில் உப்பியிருந்தது. லாரன்ஸ் ரோடு கடைத் தம்பி அந்தச் சார்ஜரை மாட்டி, மல்டிமீட்டரை வைத்து எனக்கே காட்டினார். 31 வோல்ட். “அக்கா, இது தண்ணி ஊத்துற பேட்டரிக்கு உள்ளது. ஜெல்லுக்கு இத மாட்டினா உள்ளயே வெந்துடும்” என்றார்.

ஜெல் பேட்டரியில் இருப்பதும் அதே கந்தக அமிலம்தான். சிலிக்கா தூள் கலந்து அதைக் கெட்டியாக்கி, மேலே மூடி அடைத்துவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் தண்ணீர் பிரிந்து ஆக்ஸிஜன் வரும். ஜெல்லில் இருக்கும் நுண்ணிய வெடிப்புகள் வழியாக அது மைனஸ் தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகிவிடும். வோல்டேஜ் கூடினால் வாயு அதைவிட வேகமாக உருவாகும், அழுத்தம் ஏறும், வால்வு திறந்து வெளியே விட்டுவிடும். போன தண்ணீர் போனதுதான், திரும்ப ஊற்ற வழியே கிடையாது. ஜெல்லுக்குள் தங்கிய குமிழிகள் தகட்டை ஜெல்லிலிருந்து பிரித்துவிடும், அந்த இடம் அப்புறம் வேலை செய்யாது.

அதனால்தான் எண்கள் முக்கியம். 12 வோல்ட் ஜெல் பேட்டரிக்கு 25 டிகிரியில் உச்சபட்சமாகப் பெரும்பாலும் 14.1 முதல் 14.4 வோல்ட்; நிரம்பிய பிறகு தாங்கி நிற்க 13.5 முதல் 13.8. எங்கள் வண்டியில் இரண்டு பேட்டரி தொடராக இருப்பதால் இவை இரட்டிப்பாகும். புது சார்ஜரை மாட்டி அளந்தபோது 28.4 வரை ஏறி, கரண்ட் குறைந்ததும் தானாக 27.4க்கு இறங்கி நின்றது. பேட்டரியின் கொள்ளளவு 36 ஆம்பியர்-ஹவர் (Ah), அதற்கு 5 ஆம்பியர் சரியான அளவு. பத்து ஆம்பியர் சார்ஜர் சீக்கிரம் ஏற்றும்தான், ஆனால் இந்த அளவு பேட்டரிக்கு அது அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, இதில் ஒரு மெல்லிய ஒயர் தனியாக வருகிறது, வெப்பத்தைப் பார்ப்பதற்கு. கடைத் தம்பி அதை சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் பேட்டரி முனையிலேயே மாட்டிக் கொடுத்தார். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில், கடல்காற்று வருவதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும். சூடு ஏற ஏற வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் என்று வைத்தாலும், இரண்டு பேட்டரியிலும் சேர்த்துப் பன்னிரண்டு செல்லுக்கு, பத்து டிகிரி கூடினால் 0.36 வோல்ட். மே மாதம் நான் அளந்தபோது இந்தச் சார்ஜர் 28ஐத் தாண்டவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலை, ஆனால் பேட்டரியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஜெல், ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி நாரில் ஊறவைத்த மூடிய பேட்டரி), சாதா (தண்ணி ஊத்துற பேட்டரி) என்று மாற்றும் ஸ்விட்ச். இது தள்ளு ஸ்விட்ச். அதே கடையில் இதைவிட விலை குறைவாக, பட்டனை அமுக்கி மாற்றும் சார்ஜர் ஒன்றும் இருந்தது. தம்பி அதை ஜெல்லில் வைத்து, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். சாதா என்ற இடத்தில் விளக்கு எரிந்தது. நம் பக்கம் ராத்திரியில் எத்தனை தடவை கரண்ட் போய் வரும்! தூங்கி எழுவதற்குள் அது வேறு கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கும். தள்ளு ஸ்விட்ச் வைத்த இடத்திலேயே நிற்கும். பேரப்பிள்ளைகள் கை படாமலிருக்க அதன்மேல் டேப்பும் ஒட்டிக் கொடுத்தார்.

புயல் ஊர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு. இந்தச் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினாலும் 170 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். 2011 தானே புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் எவ்வளவு நாள் இருட்டில் இருந்தோம் என்று ஊருக்கே தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது எச்சரிக்கை கேட்டதுமே வண்டியை முழுசாக ஏற்றி வைத்தேன். அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் சின்ன ஜெனரேட்டரில் செருக விட்டார், ஒரு சிக்கலும் இல்லாமல் ஏறியது. பேட்டரியைக் காலியாக விட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், அது அதிகமாக ஏற்றுவதற்குச் சமமான கெடுதல்.

குறைகளும் உண்டு. ஃபேன் சத்தம் அதிகம், அம்மா படுக்கிற அறையில் வைக்க முடியாது. ஒயர் ஒரு மீட்டர்தான். பச்சை விளக்கு வந்ததும் நிரம்பிவிட்டது என்று நினைத்துவிடுவோம். அதற்குப் பிறகும் சில மணி நேரம் மாட்டியே வைத்தால்தான் முழுசாக நிரம்பும். தாளில் இதைப் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள், தமிழில் ஒரு வரி இல்லை.

வண்டியை எங்கே நிறுத்தி ஏற்றுவது என்பதையும் கடையிலேயே கேட்டுக்கொண்டேன். முன்பு பூஜை அறை வாசலில்தான் நிற்கும், குத்துவிளக்கு இரண்டடியில். “ஆயா வண்டிய அங்க வேணாம்கா, காத்தோட்டமா விடுங்க” என்றார் தம்பி. மூடிய பேட்டரிதான், ஆனால் கோளாறாகி வால்வு திறந்தால் வருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே நெருப்பு பிடிக்கும். இப்போது மழைச்சாரல் படாத முன் வராந்தாவில் ஏற்றுகிறோம், சார்ஜர்மேல் துணி எதுவும் போடுவதில்லை. முதலில் வண்டியில் செருகிவிட்டு அப்புறம் சுவர் ஸ்விட்ச். கழற்றும்போது முதலில் சுவர் ஸ்விட்ச்.

விலை நாலாயிரத்துச் சொச்சம். பேட்டரி ஜோடியை மாற்றிய செலவில் பாதிகூட இல்லை. உப்பிய பழசைக் கடையிலேயே எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள். ஒன்று மட்டும்தானே கெட்டது என்று கேட்டதற்கு, பழசும் புதுசும் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் போய்விடும் என்று இரண்டையும் மாற்றச் சொன்னார்கள், அது சரியான பேச்சுதான்.

வாங்கப் போகிறவர்கள் பேட்டரி மேலே அச்சடித்திருக்கும் வோல்டேஜ் வரிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சார்ஜரைக் கடையிலேயே மாட்டி, மீட்டரில் அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.