பழைய மெயில்களைப் புது சர்வருக்குக் கொண்டுவர: இழுத்துப் போடுவதா, ஐமேப்சிங்க்கா?

எம்எக்ஸ் ரெக்கார்டை (உங்கள் முகவரிக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றினால் இனி வரும் மெயில்கள்தான் புது சர்வருக்கு வரும். ஏற்கெனவே வந்தவை பழைய இடத்திலேயே கிடக்கும். சர்வர் மாறியபோது அவற்றைக் கொண்டுவர என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: தண்டர்பேர்ட் மெயில் நிரலில் இரண்டு கணக்கையும் சேர்த்து ஃபோல்டர்களை இழுத்துப் போடுவது, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில்களை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் நிரலை ஓட்டுவது, சர்வரிலுள்ள மெயில் கோப்புகளையே நகலெடுப்பது. நான் ஐமேப்சிங்க் கட்சி.

மெயில்களைக் கணினிக்கு இறக்கும் பாப் முறையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது இன்பாக்ஸை மட்டும்தான் அள்ளும்; அனுப்பிய மெயில், மற்ற ஃபோல்டர், படித்த குறி எதுவும் வராது.

தண்டர்பேர்ட் சின்னப் பெட்டிக்குத் தாராளமாகப் போதும். கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம். நகர்த்தாமல் நகலெடுங்கள், அவ்வளவுதான். தொல்லை பெரிய ஃபோல்டரில். பாதியில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது நின்றது என்று தெரியாது. மறுபடி இழுத்தால் போனவையே இன்னொரு முறை போய் எல்லாம் இரட்டிப்பாகிவிடும்.

ஐமேப்சிங்க் ஜெயிப்பது இங்கேதான்: அதைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். ஒவ்வொரு மெயிலின் மெசேஜ்-ஐடி (மெயிலின் அடையாளம்), ரிசீவ்டு (வந்த வழி) தலைப்புவரிகளை இரு பக்கமும் ஒப்பிட்டு, அங்கே இருப்பதைத் தொடாமல் இல்லாததை மட்டும் அனுப்பும். அறுந்து போனதா? அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் சரி. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. எம்எக்ஸை மாற்றிய பிறகும் டிடிஎல் (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் காலம்) காலாவதி ஆகும்வரை சில மெயில்கள் பழைய சர்வரில் இறங்கும். அதனால் மாற்றுவதற்கு முன்பே பெரிய நகலை முடித்துவிட்டு, மாற்றி இரண்டொரு நாள் கழித்து இன்னொரு முறை ஓட்டினால் தவறி இறங்கியவையும் வந்துசேரும். தேதியும் படித்த குறியும் அப்படியே இருக்கும். ஃபோல்டர் பெயரில் ஒரு சர்வர் புள்ளியும் இன்னொன்று சாய்கோடும் வைத்திருந்தாலும் அதுவே மாற்றிக்கொள்ளும்.

கட்டளைவரி என்பதால் பழகாதவருக்குக் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும். முதலில் 'ட்ரை' (--dry) ஆப்ஷனோடு ஒத்திகை பாருங்கள். 'டிலீட்2' (--delete2) ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள்: பழையதில் இல்லாததைப் புதியதிலிருந்து அழித்துவிடும், அதாவது புது சர்வருக்கு நேரடியாக வந்த மெயில்கள் காலி. பழைய சர்வரின் பெயர் இப்போது புதியதைக் காட்டினால், பெயருக்குப் பதில் பழையதன் ஐபி முகவரியைக் கொடுங்கள். போய்ச் சேரும் இடம் ஜிமெயில் என்றால் பொறுமை வேண்டும். ஐமேப் (ஐமேப்சிங்க் பயன்படுத்தும் மெயில் நெறிமுறை) வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்றலாம்.

கோப்பு நகல்தான் எல்லாவற்றிலும் வேகம். மெயில்டிர் அமைப்பில் (ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு) படித்த குறி கோப்பின் பெயரிலேயே இருப்பதால் அதுவும் கூடவே வரும். ஆனால் இரு சர்வரிலும் ஷெல் அனுமதி (உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கும் உரிமை) வேண்டும். நான் டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளிலிருந்து டவ்காட்டுக்கு மட்டுமே இப்படிச் செய்திருக்கிறேன். வேறு ஜோடிகளுக்கு என் பேச்சை நம்ப வேண்டாம்.

பழைய சர்வரே மூடப்பட்டுவிட்டால் இந்த ஒப்பீடு எதற்கும் உதவாது. மிஞ்சுவது உங்கள் கணினியில் தங்கிய நகல்தான், அதுவும் மெயில்களை முழுதாக இறக்கி வைத்திருந்தால். அப்போது பழைய கணக்கிலேயே சர்வர் பெயரை மாற்றாதீர்கள். புதுப் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து உங்கள் மெயில் நிரல் அந்த நகலையும் துடைத்துவிடலாம். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்து, இருப்பதையெல்லாம் உள்ளூர் ஃபோல்டர்களுக்கு நகலெடுங்கள். அப்புறம் புது சர்வரைத் தனிக் கணக்காகச் சேர்த்து அங்கிருந்து ஏற்றுங்கள்.