240 ஃப்ரேம் கேமரா என்று சொல்லி ₹18,500 பறித்துவிட்டார்கள்: கோல்ஃப் பழகுறவங்க படிச்சிட்டு வாங்குங்க

ரூபாய் 18,500. ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, வீடியோ எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று "240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் கோல்ஃப் கிட்" ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டிக்குள் இருந்தது விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், எடுக்கும் பொம்மை. பணம் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இன்று காலை வந்த மெசேஜோடு போய்விட்டது. கோபத்தில்தான் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. விளையாட்டுப் பயிற்சிச் சாமான்களைச் சமூக வலைத்தள விளம்பரம் போட்டு விற்கும் ஒரு பக்கம். கடை, ஷட்டர், கல்லாப்பெட்டி எதுவும் கிடையாது. இருப்பது ஒரு வாட்ஸ்அப் நம்பர்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரணமாக ஆடும் ஒருவர் டிரைவர் என்ற நீளமான கிளப்பை (பந்தடிக்கும் மட்டையை) வீசும்போது அதன் தலை மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அதாவது விநாடிக்கு 40 மீட்டர். விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கிளப் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்தைத் தொடும் இடம் படத்தில் சிக்கவே சிக்காது. 240 ஃப்ரேம் என்றால் அந்த இடைவெளி 17 சென்டிமீட்டராகக் குறையும். கிளப் பந்து போகும் கோட்டுக்கு உள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து குறுக்கே வெட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும். நான் இடதுகைக்காரன், என் பந்து இடது பக்கமாக வளைந்து ஓடுகிறது. கோச் காரணம் சொல்கிறார், ஆனால் கண்ணால் பார்த்தால்தான் என் உடம்புக்கு ஏறும். என் போனில் 120தான் இருக்கிறது. கோச்கள் ஒரு காலத்தில் விரும்பி வைத்திருந்த கேசியோ ஹைஸ்பீட் கேமரா கிடைக்குமா என்று தேடினேன். அந்தக் கம்பெனி 2018-லேயே சின்ன கேமராக்களை நிறுத்திவிட்டது. அந்தத் தேடலின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இந்த விளம்பரம் என் கண்ணில் வந்து விழுந்தது. கேமரா, டிரைபாட், குறி பார்த்து நிற்கத் தரையில் வைக்கிற இரண்டு அலைன்மென்ட் குச்சி, கோடு போட்டுப் பார்க்க ஒரு வருட ஆப்.

போன் பண்ணினேன். அங்கேதான் விழுந்தது வலை. எடுத்த ஆள் அச்சு அசல் எங்க கோயம்புத்தூர்ப் பேச்சு. "சொல்லுங்ணா. எங்க ஆடறீங்க, செட்டிபாளையம் பக்கமுங்களா?" அடுத்த கேள்வி, "லெஃப்டிங்களா ரைட்டிங்களா?" இதுவரை எனக்குச் சாமான் விற்ற யாரும் இதைக் கேட்டதில்லை. லெஃப்டி என்றதும், "அப்ப கேமராவ நீங்க பந்து அடிக்கிற கோட்டுக்குப் பின்னாடி, கை உசரத்துக்கு வையுங்ணா. நெஞ்சுக்கு நேரா எடுக்கறப்ப மட்டும் கொஞ்சம் ஏத்திக்குங்க" என்றான். சரியான பேச்சு. கோச்சும் இதையேதான் சொல்வார். பத்து நிமிஷத்தில் "லெஃப்டி சாம்பிள்" என்று ஒரு வீடியோவும் வந்தது. பந்து கிளப்பின் முகத்தில் நசுங்கிக் கிளம்புவது வரை தெரிந்தது. விலை 22,000, "நம்ம ஊரு ஆளு, 18,500 குடுங்ணா." கேஷ் ஆன் டெலிவரி கேட்டதற்கு, "கேமரா ஐட்டத்துக்குக் கொரியர்காரன் ஒத்துக்க மாட்டான்." யுபிஐயில் 18,500 போனது.

சாமான் வந்ததும் காலை வெயிலில் ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் மைதானத்தில், வைத்து எடுத்தேன். கம்ப்யூட்டரில் கினோவியா போட்டு, ஆமாம், இலவச மென்பொருள்தான், அந்த ஆப்பைவிட ஆயிரம் மடங்கு தேவலை, ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். நகர்த்துகிறேன், அசையவில்லை. மறுபடியும் அசையவில்லை. எட்டாவது தட்டலில் கிளப் ஒரே தாவாகத் தாவுகிறது. மறுபடி அதே எட்டு. 30 படத்தை எடுத்து ஒவ்வொன்றையும் எட்டு நகல் போட்டு 240 என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! மேலிருந்து கிளப் இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் விநாடி ஆகும். 240-இல் அதற்கு 60 படம் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஏழோ எட்டோ. பந்தைத் தொடும் படம் ஒன்றுகூட இல்லை.

இனி சால்ஜாப்புகள். முதலில், "மெமரி கார்டு ஸ்லோவா இருக்கும், நல்ல கார்டு போடுங்ணா." போட்டேன், அதே எட்டு. அடுத்து, "வெளிச்சம் பத்தலைங்ணா." கோயம்புத்தூர் வெயிலில் வெளிச்சம் பத்தலையாம். அப்புறம் "ஃபர்ம்வேர் அப்டேட் வரும்." எதுவும் வரவில்லை. உச்சம் இதுதான்: வீடியோவில் ஷாஃப்ட் (கிளப்பின் கம்பி) வில்லாக வளைந்து தெரிகிறது என்று படம் அனுப்பினேன். "பாத்தீங்களா, உங்க ஷாஃப்ட் ஃப்ளெக்ஸையே புடிச்சிருக்கு, அதாங்ணா நம்ம கேமரா!" மலிவு சென்சார் படத்தை ஒரே நேரத்தில் எடுக்காது, வரி வரியாக வாசிக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு வருவதற்குள் கிளப் நகர்ந்துவிடுவதால் நேரான கம்பி வளைந்து தெரிகிறது. கேமராவின் கோளாறை என்னிடமே பெருமையாக விற்கிறான்.

அந்த சாம்பிளை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஆடுகிறவர் தொப்பியில் இருக்கும் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கின்றன. எவரோ வலதுகைக்காரர் வீடியோவை இடம் வலமாகப் புரட்டி எனக்கு லெஃப்டி சாம்பிள் ஆக்கியிருக்கிறான். லெஃப்டியா என்று அக்கறையாகக் கேட்டது இதற்குத்தான். இதை நான் கேட்டதும் அவனுடைய ஊர்ப் பேச்சு போய்விட்டது. அதற்கப்புறம் அங்கிருந்து வந்ததெல்லாம் "டியர் கஸ்டமர், அவர் டீம் வில் கான்டாக்ட் யூ."

டீம் தொடர்புகொண்டது, பணம் தர அல்ல. "சீல் பிரிக்கும்போது எடுத்த அன்பாக்ஸிங் வீடியோ அனுப்பினால்தான் ரிட்டர்ன்." அப்படி ஒரு நிபந்தனையை விளம்பரத்திலோ பேச்சிலோ யாரும் சொல்லவில்லை. பில்லைப் பார்த்தால் "கேமரா ஆக்சசரி செட், 1" என்று மட்டும் இருக்கிறது. 240 என்ற எண்ணே இல்லை. பேங்கில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பிய 18,500-ஐ நாங்கள் திருப்ப முடியாது என்கிறார்கள். இன்று காலை: "யுவர் டிக்கெட் ஹேஸ் பீன் க்ளோஸ்ட்." 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு டிக்கெட்டை, அதாவது என் புகாரை, மூடிவிட்டார்களாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். 2020 இ-காமர்ஸ் விதிப்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அப்படி ஓர் அதிகாரியின் பெயரே இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. 18,500-க்காக அலைவேனா என்றால், அலைவேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தைக் கீழே போட்டு எடுத்த ஒரிஜினல் ஃபைலை விற்பவரிடம் கேளுங்கள். விழ 0.45 விநாடி ஆகும். 240 நிஜமென்றால் ஒன்றுக்கொன்று வேறான நூறு படத்துக்கு மேல் இருக்கும். பொய் என்றால் பதின்மூன்று, பதினாலுதான்.

ஷட்டர் வேகத்தை நாமே 1/2000 விநாடி என்று வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் கிளப் வெறும் புகைதான்.

பில்லில் ஃப்ரேம் எண்ணிக்கையை எழுதாமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். சாம்பிள் வீடியோவில் எழுத்து இருந்தால் படித்துப் பாருங்கள். உங்கள் போனிலேயே 240 இருந்தால் இந்தக் கிட் பக்கமே போகாதீர்கள், டிரைபாட் மட்டும் வாங்குங்கள். லெஃப்டிகள் ஆப்பையும் பாருங்கள், எனக்கு வந்ததில் கோடுகள் வலதுகைக்காரருக்கு மட்டும்தான்.

அந்தப் பக்கம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி விளம்பரம் ஓட்டுகிறது. அதே டிரைபாட், அதே குச்சி, அதே புரட்டிப்போட்ட தொப்பிக்காரர். இந்த முறை "480 ஃப்ரேம்" என்று போட்டிருக்கிறான், விலை 21,000.