கால் உடைந்தால் யார் கணக்கு? அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குப் பணம் தரும் நான்கு வழிகள்

2013 மார்ச் 31, இண்டியானாபொலிஸ். லூயிவில், டியூக் பல்கலைக்கழகங்களுக்கு இடையே கூடைப்பந்து ஆட்டம். எதிரணியின் மூன்று புள்ளி வீச்சைத் தடுக்க எகிறிய கெவின் வேர் தரையில் இறங்கியபோது வலது கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சகவீரர்கள் ஆடுகளத்திலேயே விழுந்து அழுதார்கள். லூக் ஹான்காக் என்ற வீரர் மட்டும் பக்கத்தில் போய் அவரைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை செய்தார். ஆட்டத்தை ஜெயித்துவிடுங்கள் என்றுதான் வேர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று பலரும் கேட்டார்கள். லூயிவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றே தீர வேண்டும் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி எதுவும் அன்று சொல்லவில்லை.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தரலாமா என்ற வாதத்தில் நட்சத்திர வீரர்களின் கோடிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் வேறு அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். ஆட்டத்தில் அடிபட்டவருக்கு அடுத்த வாரம் என்ன கிடைக்கும்? பத்து வருஷம் கழித்து என்ன கிடைக்கும்? இப்போது முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: உதவித்தொகை மட்டும், விளம்பரப் பணம், வருவாயில் பங்கு, முழு ஊழியர் அந்தஸ்து. நான்கையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பழைய வழி. முழு உதவித்தொகை என்றால் கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரியே தரும், சம்பளம் கிடையாது. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்காவில் நாலு வருஷப் படிப்புக்கு ஆகும் செலவு தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பும் தெரியும். நீச்சல், டென்னிஸ், தடகளம் போன்றவற்றில் கல்லூரிக்குப் பெரிதாக வருமானம் கிடையாது. அங்கே இது நியாயமான ஏற்பாடு. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக 1995-ல் இரட்டையர் பட்டம் வென்றவர். நல்ல பயிற்சியும் படிப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும் இந்த அமைப்பைப் போல வேறெங்கும் பெரிதாக இல்லை.

அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் வேறு கதை. மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டிகளின் டிவி உரிமைக்கு மட்டும் 2010-ல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் பேசப்பட்டது. பிறகு 2032 வரை நீட்டிக்க இன்னும் 880 கோடி. அலபாமாவின் ஃபுட்பால் பயிற்சியாளர் நிக் சேபன் கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு 1.1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கை விசாரித்த தொழிலாளர் வாரிய அதிகாரி, சீசனில் வீரர்கள் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்கே செலவிடுவதாகப் பதிவுசெய்தார். அதே 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகள் பசியோடு படுத்ததுண்டு என்று நிருபர்களிடம் சொன்னார். சில நாட்களிலேயே கல்லூரிகள் வீரர்களுக்குத் தரும் சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டை என்.சி.ஏ.ஏ. தளர்த்தியது.

அடிபட்டவர் நிலை என்ன? 1955-ல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஃபுட்பால் ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, ஆகவே இவர் தொழிலாளி அல்ல என்று 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. 'மாணவ வீரர்' என்ற சொல்லை என்.சி.ஏ.ஏ. புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். இப்படிப்பட்ட இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்துதான் அந்தச் சொல்லை உருவாக்கினோம் என்று அமைப்பின் தலைமை நிர்வாகியாக நீண்ட காலம் இருந்த வால்ட்டர் பையர்ஸ் பிற்பாடு எழுதினார். இதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1973-லிருந்து பல வருஷம் உதவித்தொகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தமாகவும் இருந்தது. ஆடும் கால் போனால் அடுத்த வருஷப் படிப்பும் சந்தேகம்.

இரண்டாவது வழி, வீரரின் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து வெளியாரிடம் பணம் வாங்குவது. என்.ஐ.எல். என்று சொல்வார்கள். 1995-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த எட் ஓ'பானன், பல வருஷம் கழித்து நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். இடது கைக்காரர், 31-ம் நம்பர் சட்டை, பெயர் மட்டும் இல்லை. ஒரு பைசா வந்ததில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2019-ல் கலிஃபோர்னியா, வீரர்கள் இப்படிச் சம்பாதிக்கலாம் என்று தனிச் சட்டம் போட்டது. 2021 ஜூனில், படிப்பு சம்பந்தமான சலுகைகளுக்கு வரம்பு வைத்தது பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பத்து நாளில், ஜூலை 1 அன்று, விளம்பரப் பணத்துக்குக் கதவு திறந்தது.

பெண்களுக்கு இதில் நல்லது நடந்திருக்கிறது. ஐயோவா கூடைப்பந்து வீராங்கனை கேட்லின் கிளார்க், லூசியானா ஸ்டேட்டின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை லிவ்வி டன் இருவரும் கல்லூரியில் இருக்கும்போதே பெரும் பணம் சம்பாதித்தார்கள். ரசிகர்கள் தேடி வந்தார்கள், பணமும் வந்தது. யாரும் பங்கு பிரித்துத் தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஃபுட்பாலில் கொஞ்ச நாளிலேயே விளம்பரம் என்பது பெயரளவுக்கு ஆகிவிட்டது. பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் சேர்ந்து நிதி திரட்டி, ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். வாக்குறுதிகள் பல வாய்வார்த்தையிலேயே நின்றன. 2024 செப்டம்பரில் நெவாடாவின் யு.என்.எல்.வி. பல்கலைக்கழக அணி ஆடிய மூன்று ஆட்டங்களையும் ஜெயித்திருந்தபோது, அதன் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்பது அவர் தரப்பு. பல்கலைக்கழகம் மறுத்தது. எது உண்மையோ, சரியான எழுத்து ஒப்பந்தம் இருந்திருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது. என் அளவுகோலில் இந்த வழி ரொம்பப் பின்தங்குகிறது. கால் உடைந்தவரை விளம்பரக் கம்பெனி எதற்குக் கூப்பிடும்?

மூன்றாவது வழி வருவாயில் பங்கு. இதை முந்தைய வழியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அங்கே பணம் வெளியிலிருந்து வருகிறது, இங்கே கல்லூரியே நேரடியாகத் தருகிறது. நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்தை ஏற்றார். பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். 2025-26-ல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு அதிகபட்சம் சுமார் 2.05 கோடி டாலர் வரை தரலாம்.

எழுத்தில் ஒப்பந்தம், மாதாமாதம் கணக்கு என்பது நிச்சயம் முன்னேற்றம்தான். எனக்கு உறுத்துவது இரண்டு. முதலாவது, அந்த உச்சவரம்பு. பெரிய கல்லூரிகளின் குறிப்பிட்ட சில வருமானங்களின் சராசரியில் 22 சதவீதம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-லில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்குப் போகிறது. அங்கேயும் உச்சவரம்பு உண்டு. ஆனால் வீரர் சங்கம் எதிரே உட்கார்ந்து பேரம் பேசி ஒப்புக்கொண்ட வரம்பு அது. கல்லூரி வீரர்கள் சார்பில் வக்கீல்கள் பேசினார்கள், சங்கம் என்று ஒன்று இல்லை. இரண்டாவது, பெரிய கல்லூரிகள் பலவற்றின் திட்டப்படி இந்தப் பணத்தில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கே போகிறது. ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 சதவீதம் அளவில், பெண்கள் கூடைப்பந்துக்கு 5 சதவீதம் அளவில், மிச்சம் மற்ற எல்லோருக்கும். பழைய வீரர்களுக்கான 280 கோடியைப் பிரித்த விதமும், ஆண் பெண் சமத்துவத்துக்கான 1972-ம் ஆண்டு டைட்டில் நைன் சட்டத்தை மீறுகிறது என்று வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு நீச்சல்காரர். ஆனால் பட்ஜெட் இறுகும்போது கல்லூரிகள் முதலில் கைவைப்பது நீச்சல், டென்னிஸ் மாதிரியான அணிகளில்தான். இது எனக்குப் பெரிய வருத்தம்.

அடிபட்டவருக்கு? 2024 ஆகஸ்ட் முதல், விளையாட்டில் பட்ட காயத்துக்குக் கல்லூரியை விட்ட பிறகும் இரண்டு ஆண்டு மருத்துவச் செலவு தர வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு விதி வந்திருக்கிறது. கெவின் வேர் காலத்தோடு ஒப்பிட்டால் நல்ல மாற்றம். ஆனால் இருபது வயதில் கிழிந்த முட்டி ஜவ்வு நாற்பதில்தான் மாடிப்படி ஏற விடாமல் தொந்தரவு கொடுக்கும். அதற்கு இரண்டு ஆண்டு போதாது.

நான்காவது வழி, வீரரை ஊழியர் என்று ஒப்புக்கொள்வது. என் ஓட்டு இதற்குத்தான், ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் பெரும் பணம் பார்க்கும் கல்லூரிகளுக்கு மட்டும். ஊழியர் என்றால் பெரும்பாலும் தொழிலாளர் இழப்பீடு தானாக வரும். பல மாநிலங்களில் வேலையில் பட்ட காயத்துக்கான சிகிச்சை, வேலையை விட்ட பிறகும் தொடரும். டென்னிசனின் மனைவி கேட்டது இதைத்தான். 1974-ல் டெக்சஸ் கிறிஸ்டியன் அணிக்கு ஆடும்போது கழுத்து முறிந்து நடக்க முடியாமல் போன கென்ட் வால்ட்ரெப் கேட்டதும் இதைத்தான். அவர் ஊழியர் அல்ல என்று 2000-ல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடிபட்டு 26 வருஷம் கழித்து.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஊழியர் என்றால் வேலையை விட்டு நீக்கலாம், வரி பிடிப்பார்கள், சின்னக் கல்லூரிகள் தாங்காது. ஆனால் நீக்கம் இப்போதும் நடக்கிறது, புதுப் பயிற்சியாளர் வந்ததும் பழைய வீரர்கள் இடம் காலி செய்வது வழக்கம்தான். ஊழியருக்காவது முறையிட ஓர் இடம் இருக்கும். வரி கட்டுவது சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் உள்ளதுதான். சின்னக் கல்லூரிகளைப் பற்றிய கவலையை மட்டும் முழுக்க ஏற்கிறேன், அதனால்தான் பணம் பார்க்கும் கல்லூரிகளுக்கு மட்டும் என்கிறேன். சட்டத்தில் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது கஷ்டமான வேலை. ஊழியர் ஊதியத்திலும் டைட்டில் நைன் கேள்வி கட்டாயம் எழும்.

நடைமுறையில் இந்த வழி தடுமாறிக்கொண்டிருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் வீரர்கள் சங்கம் அமைக்கக் கேட்டதை 2015-ல் தேசியத் தொழிலாளர் வாரியம், அவர்கள் ஊழியர்களா என்று முடிவு சொல்லாமலே தள்ளிவிட்டது. டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று சங்கத்துக்கு ஓட்டுப்போட்டார்கள். அரசியல் காற்று மாறியதும் டிசம்பர் 31 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு ஜூலையில், கல்லூரி வீரர்கள் ஊழியர்களாக இருக்கக்கூடும், அமெச்சூர் என்ற பெயரைச் சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது என்று மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

கடைசியாக, பிள்ளைகளை இங்கிருந்து அனுப்பும் பெற்றோருக்கு ஒரு விஷயம். எஃப்-1 விசாவில் போகும் மாணவர் பொதுவாகக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. அதனால் விளம்பரப் பணம் அவர்களுக்கு ஆபத்தான இடம். கென்டக்கி கூடைப்பந்து அணியின் ஆஸ்கர் ஷிப்வே காங்கோ நாட்டுக்காரர். 2022-ல் அணி பஹாமாஸ் தீவுக்கு ஆடப்போனபோதுதான், அமெரிக்க மண்ணுக்கு வெளியே, விளம்பர வேலைகளைச் செய்து முடித்தார். நான் விரும்பும் ஊழியர் வழியிலும் சிக்கல் உண்டு. வளாகத்துக்குள்ளேயே என்றாலும் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், பயிற்சி அதைத் தாண்டிவிடும். விசா விதியைத் திருத்தாமல் இந்த வழி வந்தால் நம் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். அதுவரை, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், கையெழுத்துப் போடும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் காட்டச் சொல்லுங்கள். அப்படியே, காயம் பட்டால் சிகிச்சைச் செலவு எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.