மேல்மலையா, கோத்தகிரியா: இளைஞர் குழுவின் ஒரு வார நடைக்கு எது ஏற்றது?

பதினாறிலிருந்து இருபது வயதுக்குட்பட்ட பன்னிரண்டு பேர், முதுகுப்பையைச் சுமந்துகொண்டு ஒரு வாரம் மலையில் நடந்து வர வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், திண்டுக்கல், மதுரைப் பக்கத்து இளைஞர் மன்றங்களின் பேச்சில் முதலில் வருபவை பழனி மலையும் நீலகிரியும்தாம்; பழனி மலையில் கொடைக்கானல் பக்கத்து மேல்மலை ஊர்கள், நீலகிரியில் கோத்தகிரி. இரண்டு மலைகளுக்கும் எங்கள் மன்றத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறேன். இரண்டில் எது அழகு என்ற கேள்விக்கு நான் விடை தேடவில்லை. முதன்முறையாகச் சுமையோடு நடக்கும் பிள்ளைகளை ஏழு நாள் பத்திரமாக நடத்திச் செல்ல எது இடம் கொடுக்கிறது என்பதையே ஒப்பிட விரும்புகிறேன்.

நீலகிரியைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். அந்த மலையின் மிகச் சிறந்த நிலப்பரப்பு மேற்கே இருக்கிறது: அவலாஞ்சி, மேல்பவானி, 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்தி, அவற்றுக்கு இடையே விரியும் புல்வெளிகளும் சோலைகளும். வரைபடத்தை விரித்துப் பார்க்கும் எந்த இளைஞனும் அங்கேதான் விரலை வைப்பான். ஆனால் அது வரையாடும் புலியும் வாழும் காப்புக்காடு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவாகவும் இருக்கிறது. ஏழு நாள் மூட்டையோடு குறுக்கே நடந்து, விரும்பிய இடத்தில் படுத்து எழ அங்கே வழியில்லை. வழியிருந்தாலும் பருவம் பார்க்காமல் போக முடியாது. 2019 ஆகஸ்ட் 8ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதை நினைத்தாலே தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பக்கம் எப்படிப்பட்டது என்பது விளங்கும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் சில இந்தப் பகுதியிலும் இருக்கின்றன. ஆனால் அவை வழிகாட்டியோடு காலையில் போய் மாலைக்குள் திரும்பும் ஒருநாள் நடைகள். ஆகவே நீலகிரி என்றால், ஓர் ஊரில் தங்கிக்கொண்டு நாளுக்கு ஒரு திசையாக நடந்து திரும்புவது என்றுதான் பொருள்.

அப்படித் தங்குவதற்கு உதகையைவிடக் கோத்தகிரியே மேல். உதகையின் நெரிசலும் வாடகையும் அங்கே குறைவு. குளிரும் சற்றுக் குறைவு. ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. அரை நாளில் மெல்ல நடந்து பார்த்துவிடலாம். கோத்தகிரியில் 1819இல் காலடி வைத்த ஜான் சல்லிவனின் பழைய வீடு கன்னேரிமுக்கில் நினைவகமாக நிற்கிறது. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு காலுக்குக் கீழே கிடக்கிறது. குன்னூர் பக்கம் போனால் பக்காசுரன் கோட்டை வரை ஒரு நாள் நடை இருக்கிறது. திரும்பும் நாளில் மலை ரயிலும் கிடைக்கும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் வந்த அந்தப் பற்சக்கரப் பாதையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை. அதைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைத்தால் வாரம் முழுவதும் அதைச் சொல்லியே நடக்க வைக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் வசதிகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கனமான மூட்டை அறையில் இருக்கும். நடக்கும்போது தண்ணீரும் மழைச்சட்டையும் மதிய உணவும் மட்டும் முதுகில் இருக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் அறையில் படுத்திருக்க, ஒரு பெரியவர் துணைக்கு இருக்க, மற்றவர்கள் நடந்து வரலாம். அரசு மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாலையும் அதே அறைக்கு, அதே கடைத்தெருவுக்குத் திரும்பும்போது மூன்றாம் நாளுக்குள் அது சுற்றுலாவாகிவிடுகிறது. எங்கள் குழு கோத்தகிரியில் தங்கிய ஆண்டில் நான்காம் நாள் காலை ஐந்து பேர் படுக்கையை விட்டு எழவில்லை. எழ வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அடுத்த ஊரில் இரவுச் சோறு காத்திருக்கிறது என்ற நிலை இருந்தால் யாரும் படுத்திருக்க மாட்டார்கள்.

ஊர் விட்டு ஊர் நடப்பது நமக்குப் புதிதும் அன்று. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கும் தைப்பூசப் பயணத்தில் எல்லாம் இருக்கிறது: விடியலுக்கு முன் புறப்பாடு, வெயில் ஏறுமுன் முதல் தங்கல், ஊருக்கு ஊர் உணவு, சாமான்களுக்குத் தனி வண்டி. காட்டுக்குள் கூடாரம் அடிப்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுவதைவிட, இந்தப் பாதயாத்திரை முறையை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் பிழைகள் குறையும். அந்த முறைக்கு வேண்டியது, ஒரு நாள் நடைத் தூரத்தில் அடுத்தடுத்து ஊர்களும், அவற்றை இணைக்கும் பேருந்துச் சாலையும். பழனி மலையில் இவை இரண்டும் இருக்கின்றன.

கொடைக்கானல் வட்டாரத்து மக்கள் தங்கள் மலையை மேல்மலை, கீழ்மலை என்று பிரித்துச் சொல்வார்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் முதலியவை கீழ்மலை. காப்பி, மிளகு, மலைவாழை, நிழல் மரங்கள், மிதமான குளிர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால் முதலியவை மேல்மலை. படிக்கட்டு வயல்களில் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும், வெட்டவெளிக் காற்று, கடுங்குளிர். கீழ்மலையைத் தாண்டிக்குடியிலிருந்து பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரம் வரை நடந்தே இறங்கிவிடலாம் என்று ஒரு காலத்தில் எண்ணினேன். பாச்சலூர்ப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு என்பதால் பிள்ளைகளோடு அந்தப் பகுதியை நடைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டேன். மேல்மலையில் எதிர்ப்படக்கூடியது பெரும்பாலும் காட்டுமாடு. அதுவும் அஞ்ச வேண்டிய விலங்குதான். ஆனால் நின்று, விலகி, அது போகும் வரை காத்திருந்தால் போதும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடி பழகிப்போன விருந்தாளி; அங்கே இருட்டிய பின் வெளியே போகக் கூடாது என்பது மீறக் கூடாத விதி.

உணவுக் கணக்கில் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உலர் பொருளாக 600 கிராம் என்று வைத்தாலும், பன்னிரண்டு பேருக்கு ஏழு நாளைக்கு 50 கிலோ ஆகிறது. ஆளுக்கு நான்கு கிலோவுக்கு மேல். உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வைக்கக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. 48 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எட்டு கிலோதான் எல்லை; போர்வை, கம்பளிச் சட்டை, மாற்றுத் துணி, இரண்டு லிட்டர் தண்ணீர் சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். மேல்மலை ஊர்களில் மளிகைக் கடை இருப்பதால் இரண்டு நாள் பொருளை மட்டும் தூக்கினால் போதும். அது ஆளுக்கு 1.2 கிலோ. கோத்தகிரியில் இந்தக் கணக்கே எழாது என்பது உண்மைதான். ஆனால் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யும் அந்தப் பாடத்துக்காகத்தானே முதுகுப்பையோடு புறப்படுகிறோம்.

சமையலில் ஒன்றை மறக்கக் கூடாது. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகாது, எரிபொருள்தான் தீரும். ஒரு சிறிய குக்கரைச் சுமப்பது வீண் சுமை அன்று. அது வேண்டாம் என்றால் வறுத்த பாசிப்பருப்பு, அவல், ரவை, சத்துமாவு, கடலைமிட்டாய் என்று திட்டத்தை மாற்ற வேண்டும். தண்ணீரை ஓடையில் பிடிக்க வேண்டாம். பூண்டு, காரட் வயல்களுக்கும் தேயிலைக்கும் அடிக்கும் மருந்து ஓடையில்தான் இறங்குகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. ஊர்க் குடிநீர்த் தொட்டியில் நிரப்பிக் காய்ச்சிக் குடிப்பதே வழி. இரண்டு மலைகளிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஆளுக்கு இரண்டு எவர்சில்வர் குப்பிகள் கட்டாயம்.

மன்றத்துக்குள் எப்போதும் எழும் எதிர்வாதம் பாதுகாப்பைப் பற்றியது. நடந்து போகும் வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. மேல்மலையில் என் விடை, சாலையை விட்டு விலகாமல் நடப்போம் என்பதுதான். பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகும் நாளில், புதுக் காலணி கடித்துக் குதிகால் கொப்பளித்துப்போன ஒரு பையனை, துணைக்கு ஒருவரோடு பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் தங்குமிடத்தில் எல்லாருக்கும் வெந்நீர் வைத்திருந்தான். சாலை ஓரத்தில் நடப்பது மலையேற்றமே அன்று என்று சில இளைஞர்கள் முகம் சுளிப்பதை நான் அறிவேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் நம் பிள்ளைகளைவிடச் சில வயதே மூத்தவர்கள். வெளியேறும் வழி இல்லாத இடத்துக்கு அனுபவமற்ற குழுவை அழைத்துச் செல்லும் உரிமை எந்தப் பொறுப்பாளருக்கும் இல்லை. காட்டுப் பாதை வேண்டுமென்றால் வட்டக்கானல் முதல் வெள்ளகவி வரையிலான பாதையை முன்பு சொன்ன மலையேற்றத் திட்டத்தின் வழியாக வனத்துறையிடம் முன்பதிவு செய்து, அவர்களுடைய வழிகாட்டியோடு ஒரு நாள் நடக்கலாம். ஊருக்குள் காலணி அணியாமல் நடப்பது வெள்ளகவி மக்களின் வழக்கம். அதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை இரண்டு மலைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் நம் விடுமுறைகள்தாம் நாளைத் தீர்மானிக்கின்றன. பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம். மே மாதத்தில் கூட்டம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பழனி மலையையும் கோத்தகிரிப் பக்கத்தையும் ஒருசேர நனைக்கிறது. செப்டம்பர் இறுதியின் காலாண்டு விடுமுறையில் மழை ஓரளவு ஓய்ந்திருக்கும், ஆனால் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய சிறு துணி முடிச்சு ஆளுக்கொன்று போதும். அரையாண்டு விடுமுறைதான் எனக்கு ஏற்றதாகப் படுகிறது. உறைபனி விழும் குளிர்தான். ஆனால் ஈரமில்லாத குளிரைக் கம்பளியால் தாங்கலாம். ஜீன்ஸ் நனைந்தால் உலராது என்பதால் அதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இரண்டு மலைகளுக்கும் வெளி வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் போகும் குழுவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து, புதிய குழுவுக்கு நான் பழனி மலையையே தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் மேல்மலையில் நேராகத் தொடங்குவதில்லை. முதல் நாள் வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் பண்ணைக்காடு. இரண்டாம் நாள் காப்பித் தோட்டங்களின் நிழலில் தாண்டிக்குடிக்கு நடை. சுமை தோளில் எப்படி உட்காருகிறது என்பதை உடல் அன்று கற்றுக்கொள்ளும். மூன்றாம் நாள் அங்கேயே தங்கி, பாலமுருகன் கோயிலையும் பழங்காலக் கல்திட்டைகளையும் பார்த்துவிட்டு, தேவையில்லை என்று தெரிந்துவிட்ட பொருள்களைப் பொட்டலம் கட்டி ஊருக்கு அனுப்பலாம். நான்காம் நாள் பேருந்தில் கொடைக்கானல் வழியாகப் பூம்பாறை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் வயல்கள் குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றிப் படிப்படியாக இறங்குவதை மாலை வெயிலில் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் மன்னவனூருக்கு நடை. வாரத்தின் கடினமான நாள் இதுதான், விடியலில் புறப்பட வேண்டும். ஆறாம் நாள் அங்குள்ள ஆட்டுப் பண்ணையையும் ஏரியையும் பார்த்துவிட்டு, மூட்டையில்லாமல் கவுஞ்சிப் பக்கம் நடந்து திரும்பலாம். ஏழாம் நாள் பேருந்து.

கோத்தகிரியை நான் ஒதுக்கிவிடவில்லை. குழுவில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இருந்தாலோ, மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருந்தாலோ, துணைக்கு வரும் பெரியவர்கள் இரண்டே பேர் என்றாலோ, தயங்காமல் அங்கே போக வேண்டும். மேல்மலைக்கு நான்கு பெரியவர்களாவது வேண்டும்: முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், பேருந்தில் முன்கூட்டிப் போய்ச் சமையலுக்கு ஏற்பாடு செய்ய ஒருவர், திடீர்த் தேவைக்கு ஒருவர். பெண் பிள்ளைகள் வந்தால் இந்தப் பெரியவர்களில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும்.

தங்குமிடத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதி, பிறகு நேரிலும் ஒரு முறை போய்ப் பார்த்துவர வேண்டும். ஒருமுறை தொலைபேசிப் பேச்சை மட்டும் நம்பிப் போய், மாலை ஆறு மணிக்குக் குளிரில் பன்னிரண்டு பிள்ளைகளோடு பூட்டிய சமுதாயக் கூடத்தின் முன் நின்றோம். எதிர்வீட்டு அம்மா தன் பூண்டுக் கிடங்கைத் திறந்துவிட்டார். அதன் பிறகு, நேரில் போய்ச் சாவி யாரிடம் இருக்கும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் எந்த ஊரையும் திட்டத்தில் சேர்ப்பதில்லை.