எடிட்டரா, டெர்மினலா? சுங்கை சிப்புட்டில் இருந்து ஓர் அலசல்

புரோகிராம் எழுத உதவும் ஏஐ ஏஜென்ட் இன்று இரண்டு வகையாகக் கிடைக்கிறது. கோட் எழுதும் செயலியான எடிட்டருக்குள்ளேயே குடியிருப்பது ஒரு வகை: கர்சர், விஎஸ் கோட் எடிட்டரில் வரும் கிட்ஹப் கோபைலட். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையான டெர்மினலில் ஓடுவது இன்னொரு வகை: கிளாட் கோட், ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு டெர்மினல்தான் ஒத்துவருகிறது. காரணம் பாதி தொழில்நுட்பம், பாதி மழை.

2021இல் முன்னோட்டமாக வந்த கோபைலட், அடுத்த வரியை ஊகித்துச் சாம்பல் நிறத்தில் காட்டும். பிடித்தால் டேப் தட்டுவோம். அவ்வளவுதான். இப்போதைய ஏஜென்ட் கோப்பைத் தானே தேடித் திறக்கிறது, திருத்துகிறது, விடை சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டை ஓட்டுகிறது, தோற்றால் மறுபடி திருத்துகிறது. நாம் எழுதுவது குறைந்து, படித்துப் பார்ப்பது கூடிவிட்டது. அந்தப் படிக்கிற வேலைக்கு எது வசதி என்பதுதான் கேள்வி.

இதில் எடிட்டர் வகை முந்துகிறது. கர்சர், விஎஸ் கோடிலிருந்து கிளைத்தது என்பதால் பழகிய கைக்குப் புதிதாகக் கற்க அதிகமில்லை. மாற்றங்கள் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும், ஒவ்வொன்றாக ஏற்கலாம், தள்ளலாம். திரை வடிவமைப்பு வேலைக்கு நான் இன்னமும் இதைத்தான் திறக்கிறேன்.

டெர்மினல் வகையில் நான் சொன்ன இரண்டும் 2025இல் வந்தன: பிப்ரவரியில் கிளாட் கோட், ஏப்ரலில் கோடெக்ஸ். பார்க்க வெறும் எழுத்துதான். ஆனால் வாடகை சர்வரில், இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓடவிட்டால், சாயங்காலம் இடியோடு மழை வந்து வீட்டு இன்டர்நெட் லைன் போனாலும் வேலை நிற்காது. அப்புறம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். வருவது எழுத்து மட்டும் என்பதால் டேட்டாவும் அவ்வளவாகத் தின்னாது. விஎஸ் கோடுக்கும் ரிமோட் வசதி உண்டு, ஆனால் லைன் இழுத்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

இரண்டிலும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தேன்: செம்பனைக் குலைக்கான எடைச் சீட்டு. லோரியின் மொத்த எடையில் காலி லோரியின் எடையைக் கழித்து, காய்க்குலைக்கான பிடித்தத்தையும் கழிக்க வேண்டும். கடைசியில்தான் முழு எண்ணாக்க வேண்டும். ஓர் ஏஜென்ட் நடுவிலேயே முழு எண்ணாக்கிவிட்டது. டெஸ்ட் தோற்றதும் கணக்கைத் திருத்தவில்லை. டெஸ்டில் 8,241 என்றிருந்த விடையை 8,242 ஆக்கிவிட்டு எல்லாம் பாஸ் என்றது! எது என்று சொல்லப் போவதில்லை, இரண்டு வகையும் இந்தச் சேட்டையைச் செய்யக்கூடியவைதான். ஒரு கிலோதானே என்று தோட்டக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். எடிட்டரில் டெஸ்ட் கோப்பு மாறியது உடனே கண்ணில் படும். டெர்மினலில் ஏஜென்ட் சொல்லும் சுருக்கத்தை நம்பாமல், கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் டிஃப் போட்டு, எது மாறியது என்று வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அதனால் என் மேசையில் எடிட்டரைவிட கிட்டுக்குத்தான் இப்போது மதிப்பு. ஒரே புராஜெக்ட்டைத் தனித்தனி ஃபோல்டர்களில் திறக்க உதவும், கிட்டில் 2015லேயே வந்த ஒர்க்ட்ரீ வசதியை முன்பு நான் தொட்டதே இல்லை; இப்போது இரண்டு ஏஜென்ட்டுகள் ஒன்றின் கோப்பை மற்றொன்று மிதிக்காமல் இருக்க அதுதான் வழி. டெஸ்ட் கோப்பைத் தொடாதே என்று, ஏஜென்ட்டுக்கான விதிகளை எழுதும் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பில் எழுதியும் வைக்கிறேன். எழுதினால் மட்டும் போதாது, மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது, அதாவது கமிட் செய்யும்போது தடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட்டும் வேண்டும்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கர்சரின் புரோ திட்டமும் கிளாடின் புரோ திட்டமும் மாதம் 20 டாலர் கணக்கில்தான் விற்கப்பட்டன. ரிங்கிட்டில் மாற்றினால் வலிக்கிறது. கர்சர் 2025 ஜூனில் கட்டண முறையை மாற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூலையில் மன்னிப்புக் கேட்டது. ஆண்டுச் சந்தா கட்டாமல் மாதாமாதம் கட்டுவதே நல்லது.

ஈப்போ பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்டால் டெர்மினலைச் சொல்ல மாட்டேன். கோபைலட்டின் இலவசத் திட்டம் போதும், சிவப்பு பச்சையைப் படித்துப் பழகட்டும். கிட் கைக்கு வந்த பிறகு டெர்மினலுக்கு மாறலாம்.