நண்பர்களோடு ஆன்லைன் போக்கர்: சீட்டுக்கட்டு யார் கையில் இருக்கிறது?

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த ஆறு பேர் நாங்கள். இப்போது இரண்டு பேர் சென்னையில், ஒருவன் கோவையில், இரண்டு பேர் சிங்கப்பூரில், ஒருவன் டொராண்டோவில். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சென்னையில் இரவு எட்டு மணி ஆனதும் ஆன்லைனில் போக்கர் ஆட உட்கார்ந்துவிடுவோம். சிங்கப்பூரில் அப்போது பத்தரை, டொராண்டோவில் காலை காபி நேரம். பணம் கிடையாது, பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகளான சிப்ஸ் கணக்குதான். ஆனாலும் ஆட்டம் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதில் ஆறு பேருமே கறார்.

கணினி வேலை பார்ப்பவன் என்பதால் மென்பொருள் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, நானே அதில் போக்கர் மென்பொருளை நிறுவினேன். வெளியாள் நுழைய முடியாது, எங்கள் விவரம் எந்த நிறுவனத்துக்கும் போகாது, இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஆட்டத்தில் அடுத்தடுத்து மூன்று கை, அதாவது மூன்று சுற்று, எனக்கே வந்தது. கடைசிக் கையில் கோவைக்காரன் இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் முன்னால் தள்ளினான். மேசையில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளாக ஆட்டின் ராணி, இஸ்பேட் ராஜா எல்லாம் விரிந்து கிடந்தன. என்னிடம் இருந்தது ஒரு ஜோடி ஏழு. அவன் கையில் ஒன்றுமில்லாமல் பிளஃப் அடிக்கிறான் என்று மனசுக்குப் பட்டது, அவனுக்கு ஈடாக நானும் சிப்ஸ் வைத்து 'கால்' செய்தேன். பிளஃப்தான். வீடியோவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவன் கேட்டான்: "மச்சான், சீட்டுக்கட்டு உன் மெஷின்லதானடா இருக்கு?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. ஆனால் என்னிடம் பதில் இல்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பார்த்திருக்க முடியாது என்று அவனிடம் நிரூபிக்க வழியில்லை. சர்வரின் முழு உரிமை என்னிடம் இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தைப் படிக்க எனக்கு முடியும். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மென்பொருள்களை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

வீட்டில் பாய் விரித்து ஆடும்போது ஒருவர் கலைப்பார், பக்கத்தில் இருப்பவர் வெட்டுவார், எல்லாம் கண் முன்னால் நடக்கும். ஆன்லைனில் இவையெல்லாம் எங்கோ நடக்கின்றன. அதனால் கோளாறு மூன்று இடத்தில் வரலாம்: கலைக்கும் விதத்தில், சர்வரை வைத்திருப்பவரிடத்தில், ஆடுபவரின் கணினிக்கு வந்து சேரும் தகவலில். மூன்றுமே உண்மையில் நடந்திருக்கின்றன.

1999இல் நடந்தது கலைப்பதில் வந்த கோளாறு. பிளானட் போக்கர் என்ற தளம், தங்கள் சீட்டு நேர்மையாகத்தான் கலைக்கப்படுகிறது என்று காட்ட, கலைக்கும் நிரலையே வெளியிட்டது. அமெரிக்காவின் ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் நிறுவனத்தார் அதைப் படித்தார்கள். 52 சீட்டை எத்தனை வரிசையில் அடுக்கலாம் என்று கணக்கிட்டால் வருவது 68 இலக்க எண். ஆனால் அந்த நிரல், நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி நொடி ஆகியிருக்கிறது என்ற எண்ணை வைத்துத்தான் கலைக்கத் தொடங்கியது. ஒரு நாளுக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம் மில்லி நொடிதான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டதும் அது சுமார் 2 லட்சமாகக் குறைந்தது. தன் கையில் இரண்டு, மேசையில் மூன்று என ஐந்து சீட்டு தெரிந்தால் போதும். மீதி எல்லோருடைய சீட்டையும் ஒரு நிரல் உடனே சொல்லிவிட்டது.

2007இல் நடந்தது இரண்டாவது வகை. அப்சல்யூட் போக்கர் தளத்தில் தோற்ற ஒருவர் தன் ஆட்டத்தின் பதிவைக் கேட்டார். வந்த கோப்பில் எல்லோருடைய மூடிய சீட்டும் இருந்தது, யார் யார் வேடிக்கை பார்த்தார்கள் என்ற விவரமும் இருந்தது. ஆட்டக்காரர்கள் அதைத் துருவிப் பார்த்ததில், உள்ளுக்குள்ளேயே ஒரு கணக்கு எல்லோர் சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கனடாவின் கானவாக்கே விளையாட்டு ஆணையம் அந்தத் தளத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. இங்கே பூட்டை உடைத்து யாரும் வரவில்லை. சாவி வைத்திருந்தவர்கள் செய்த வேலை அது. கோவைக்காரன் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

மூன்றாவது, 2023 டிசம்பரில் ஜிஜி போக்கர் தளத்தில். தன் கணினியில் இருந்த செயலியைப் பிரித்து ஆராய்ந்த ஒருவர், தான் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அதிலிருந்து ஊகிக்க வழி கண்டுபிடித்தார். மேசையில் கட்டைவிரலைக் காட்டும் சின்ன வசதியைத் திருத்தியதுதான் அதற்கு வழி திறந்தது. அவருடைய 29,795 டாலரைப் பறிமுதல் செய்ததாக நிறுவனமே அறிவித்தது. ஆட்டக்காரருக்குத் தேவையில்லாத தகவல் எதுவுமே அவர் கணினிக்குப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

சொந்த சர்வர் என்றால் பேச வேண்டியவை இரண்டு: பிரிக்ஸ் சாஃப்ட்வொர்க்ஸின் போக்கர் மேவன்ஸ், நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற திறமூல மென்பொருளான போக்கர் டி.எச்.

போக்கர் மேவன்ஸ் விண்டோஸில் ஓடும், காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். ஆடுபவர்கள் எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரே போதும். டோர்னமென்ட், பல மேசை, உறுப்பினர் கணக்கு என்று நடத்துபவருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு முழுக்க நடத்துபவர் தலையில். விண்டோஸைப் புதுப்பிப்பது, இணைப்புகள் நுழையும் வாசலான போர்ட்டில் தேவையானதை மட்டும் திறப்பது, சான்றிதழ் வாங்கி இணைப்பைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்வது எல்லாம் நம் வேலை. அந்தக் கடைசி வேலையைச் 'சின்னக் குழுதானே' என்று தள்ளிப்போட்டால், விமான நிலைய வைஃபையில் உட்கார்ந்து ஆடும் நண்பனின் சீட்டு அதே வைஃபையில் இருக்கும் வேறொருவருக்குத் தெரியலாம்.

போக்கர் டி.எச். 2006 முதல் இருக்கிறது, இலவசம். பத்து பேர் வரை ஆடலாம், பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத நோ லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகை மட்டும்தான். எல்லோரும் நிறுவ வேண்டும். ஒருவர் வீட்டுக் கணினியிலேயே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் வெளியிலிருந்து நேரே வந்து சேர உதவும் பொது ஐ.பி. முகவரி தனியாகக் கிடைப்பதில்லை, அதனால் வெளியூர் நண்பர்களால் உள்ளே வர முடியாது. கணினிகளைத் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை எல்லோர் கணினியிலும் போட்டால் வேலை நடக்கும். எங்களில் இரண்டு பேர் அதற்கே 'ஆளை விடுடா' என்றார்கள்.

நிரல் திறந்திருப்பதால் நம்பலாமே என்று கேட்பார்கள். நிரலைப் படித்தால் அது என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். நடத்துபவன் கணினியில் ஓடுவது மாற்றப்படாத அதே நிரல்தான் என்று எதிர்முனையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ஆக, நடத்துபவனும் கூட உட்கார்ந்து ஆடினால் சொந்த சர்வர் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. வெளியாளிடமிருந்து அது காப்பாற்றும், நண்பர்களுக்குள் வரும் சந்தேகத்திலிருந்து காப்பாற்றாது. நடத்துபவன் ஆடாமல் வெறும் நடுவராக இருந்தால் போக்கர் மேவன்ஸ் அருமையான மென்பொருள்.

ஆளே இல்லாமல் சீட்டுப் போட வழி இல்லையா என்றால், இருக்கிறது. 1979இல் ஷமீர், ரிவெஸ்ட், ஏடில்மன் மூவரும் ஒரு முறையை எழுதினார்கள். ஒருவர் 52 சீட்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு, தன் பூட்டால் பூட்டி, கலைத்து அனுப்புகிறார். மற்றவர் அதில் சிலவற்றை எடுத்துத் தன் பூட்டையும் சேர்த்துப் போட்டுத் திருப்பி அனுப்ப, முதலாமவர் தன் பூட்டை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். மிச்சமிருக்கும் பூட்டின் சாவி மற்றவரிடம் மட்டுமே. கணிதத்தில் இதைச் செய்ய முடியும், படிக்கும்போதே சிலிர்க்கிறது. ஆனால் ஒருவர் நடுவில் இணைப்பை இழந்தாலே ஆட்டம் சிக்கிக்கொள்ளும்; நான் இங்கே ஒப்பிடும் எதிலும் இது கிடையாது.

இன்னொரு வழி, கை தொடங்கும் முன்பே சீட்டு வரிசையின் கைரேகை போன்ற ஒரு எண்ணை வெளியிட்டுவிட்டு, முடிந்ததும் வரிசையைக் காட்டுவது. நடுவில் சீட்டை மாற்றவில்லை என்பதை இது நிரூபிக்கும், பார்க்கவில்லை என்பதை நிரூபிக்காது. தவிர, முழு வரிசையைக் காட்டினால், கையை விட்டு விலகியவர் காட்டாமல் மடித்துப் போட்ட சீட்டும் வெளியே வந்துவிடும். மடித்த சீட்டு தெரிந்துவிட்டால் பிளஃப் ஏது, போக்கர் ஏது?

ஒருவர் கிளப் தொடங்கி மற்றவர்களைச் சேர்த்து ஆடும் கிளப் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிபி போக்கர், கிளப் ஜிஜி போன்றவை போனில் அழகாக இருக்கின்றன. ஒரே இடத்திலிருந்து இரண்டு பேர் ஆடுவதைத் தடுக்கும் ஐ.பி., இருப்பிடக் கட்டுப்பாடுகூட பிபி போக்கரில் உண்டு. ஆனால் இந்த உலகம் ஆள் சேர்க்கும் ஏஜென்ட், பல கிளப் சேர்ந்த யூனியன் என்று விரிந்து, பணக் கணக்கைச் செயலிக்கு வெளியே தீர்த்துக்கொள்ளும் பழக்கத்தில் ஊறியது. அந்தக் கணக்கில் ஏமாந்தால் கேட்க நாதி கிடையாது. ஆறு பேர் ஆட்டத்துக்கு இது தேவையே இல்லை.

போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் நண்பர்கள் தனியாக ஆடும் வசதியான ஹோம் கேம்ஸ் 2011இல் வந்தது. கிளப் எண், அழைப்புக் குறியீடு இரண்டும் இருந்தால்தான் சேர முடியும், நிர்வாகி ஒப்புதலும் வேண்டும். கணக்குக்கு ரகசிய எண் (PIN) போன்ற கூடுதல் பூட்டு போடலாம். சீட்டு கலைக்க ஒளித்துகள்களை வைத்து எண் உருவாக்கும் கருவியைப் பயன்படுத்துவதாக நிறுவனம் விளக்கியிருக்கிறது. கலைப்பதையும் கணக்குப் பாதுகாப்பையும் மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனாலும் நாங்கள் எடுக்கவில்லை. ஒன்று, எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஆறு பேர் மூன்று நாட்டில் இருக்கும்போது இது பெரிய இடைஞ்சல். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். எங்களில் ஒருவன் சில வருஷம் முன்பு ஆன்லைன் ரம்மியில் கையைச் சுட்டுக்கொண்டு, வீட்டில் பெரிய பிரச்சினையாகி, மீண்டு வந்தவன். பண மேசைகளுக்குப் பேர்போன ஒரு பெயரை அவன் போனில் நான் நிறுவச் சொல்ல மாட்டேன். இதையும் பாதுகாப்பில்தான் சேர்க்கிறேன்.

கடைசியில் தேறியது போக்கர் நவ். பிரவுசரில் ஓடுகிறது, நிறுவ எதுவும் இல்லை. ஒருவர் ஆட்டத்தைத் தொடங்கி அதன் இணைப்பை (லிங்க்) அனுப்பினால் மற்றவர்கள் இடம் கேட்பார்கள். அவர் ஒப்புக்கொண்டால்தான் உட்கார முடியும். சீட்டு எங்கள் யார் கணினியிலும் கலைக்கப்படுவதில்லை. அந்தத் தளத்தை நடத்துபவர்கள் நினைத்தால் பார்க்க முடியாதா? சர்வர் அவர்களுடையது, முடியும். ஆனால் காசில்லாத எங்கள் ஆட்டத்தில் யார் ஜெயித்தால் அவர்களுக்கு என்ன? சாவி ஆட்டத்தில் அக்கறையில்லாத மூன்றாம் ஆளிடம் இருப்பதுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டப் பதிவு. முடிந்ததும் சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், அவரவர் இறக்கும் பதிவில் அவரவருக்கு வந்த சீட்டு இருக்கும். அதை எண்ணிப் பார்த்தே கலைப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்கலாம். முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வர வாய்ப்பு 17இல் 1. ஜோடி ஆஸ் வருவது 221இல் 1. ஆக, 1,700 கைகளில் சுமார் 100 ஜோடி இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருப்பது இயல்பு, பாதியாகக் குறைந்தால்தான் யோசிக்க வேண்டும். 1999இல் நடந்தது போன்ற கோளாறை இந்தக் கணக்கு பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டி ஊகிக்கக்கூடிய சீட்டும் பார்வைக்குச் சரியாகக் கலைந்ததுபோலவே இருக்கும்.

போக்கர் நவ்வின் பலவீனம் அந்த இணைப்பேதான். அது யார் கைக்குப் போனாலும் கதவு வரை வந்துவிடுவார்கள். ஒரு முறை 'கெஸ்ட்' என்ற பெயரில் ஒருவர் இடம் கேட்டார். டொராண்டோக்காரன் போனிலிருந்து வந்திருக்கிறான் என்று நினைத்து ஒப்புக்கொள்ளப் போனேன். அவனோ வீடியோவில் காபி கலக்கிக்கொண்டிருந்தான். பழைய இணைப்பைப் பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தோம், அது சுற்றிப் போயிருக்கிறது. இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது இணைப்பு, ஆறு பேர் மட்டும் உள்ள குழுவில்தான் பகிர்வது, வீடியோவில் முகம் காட்டி, வைத்திருக்கும் பெயரைச் சொன்ன பிறகுதான் இடம்.

எந்த மென்பொருளும் தடுக்க முடியாதவையும் இருக்கின்றன. இரண்டு பேர் தனியாகப் போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. தெரியாமல் நடப்பதும் உண்டு. சிங்கப்பூர் நண்பன் ஒருவன் மூக்குக்கண்ணாடி போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு ஆடுவான். கண்ணாடியில் பச்சை மேசை மின்னும். அவன் திரைக்குப் பக்கம் குனிந்தால் சீட்டு சிவப்பா கறுப்பா என்பது வரை தெரிந்தது. சொன்னதும் கேமராவை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல் தடை செய்கிறது. வழங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். சிங்கப்பூரில் வீட்டில் நண்பர்களோடு நேரில் ஆடுவதற்கு விலக்கு உண்டு, ஆன்லைனில் பணம் வைப்பதற்கு அந்த விலக்கு இல்லை. 'நூறு ரூபாய்தானே, ஜிபேயில் அனுப்பு' என்று யாராவது தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நான் எடுத்த வாடகை சர்வரை இன்னும் விடவில்லை. விடுதி நண்பர்கள் இருபது பேருக்கு மேல் கூடும் பொங்கல் டோர்னமென்டுக்கு அது வேண்டும். அன்று நான் சீட்டைத் தொடுவதில்லை, நடுவர் மட்டும்தான். மற்ற சனிக்கிழமைகளில் போக்கர் நவ், ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பு ஒவ்வொருவராகச் சுற்றி வரும். இந்த வாரம் இணைப்பு அனுப்ப வேண்டியது கோவைக்காரன்.